வேக்குவம் போடாமல் ஏசியை ஆன் பண்ண விடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். ஏசி வந்து இறங்கிவிட்டது, சனிக்கிழமை மாட்ட வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். ஊரெல்லாம் ஏசி மாட்டிக் கொடுத்த கை இது. உன் வீட்டுக்கு நானே வந்து மாட்டத்தான் ஆசை, முட்டிவலி விடவில்லை. அதனால் எழுதுகிறேன். வேலை நடக்கும்போது நீ பக்கத்திலேயே நில்.

கரண்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும். ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே ஆஃப் ஆகிற சுவிட்ச்), நல்ல எர்த். ஃபேன், லைட் ஓடுகிற லைனிலேயே சேர்த்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதே.

சுவரில் போடுகிற ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். இன்டோர் யூனிட்டை மாட்டியதும் அதன் டிரேயில் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல். வெளியே டிரெயின் பைப் வழியாகத் தடையில்லாமல் வந்தால் சரி. இல்லையென்றால் பிறகு சுவரில்தான் வழியும்.

இனிதான் முக்கியமான விஷயம். காப்பர் பைப்பை இணைத்ததும் உள்ளே காற்றும் ஈரமும் இருக்கும். அவசரக்காரர்கள் அவுட்டோரில் இருக்கிற கேஸைக் கொஞ்சம் திறந்து, "புஸ்"ஸென்று காற்றைத் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அப்படிச் செய்தால் ஈரம் முழுசாகப் போகாது. அது ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, நாளாவட்டத்தில் கம்ப்ரஸர் காயிலை அரித்துவிடும். போதாததற்குக் கேஸும் குறையும். உன் ஏசியில் இருப்பது ஆர்32, தீப்பிடிக்கக்கூடிய கேஸ். வீட்டுக்குள் திறந்துவிடுகிற பொருள் இல்லை.

அதனால் வேக்குவம் பம்ப், அதாவது பைப்பில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்ப், இருக்கிறதா என்று வரும்போதே கேள். இல்லையென்றால் எடுத்து வந்த பிறகு ஆரம்பிக்கட்டும். பம்ப் போட்டதும் முதலில் கரகரவென்று சத்தம் வரும். காற்று வெளியேற வெளியேற அது அடங்கி ஒரே சீராக ஓடும். கேஜ், அதாவது அழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள், பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 30 இன்ச் வரை இறங்கும். அத்தோடு நிறுத்த விடாதே. அந்த வெற்றிடத்தில் ரூம் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகி வெளியே வருகிறது, அதற்கு நேரம் வேண்டும். இருபது நிமிஷமாவது ஓடட்டும். அப்புறம் வால்வை மூடி, பம்பை நிறுத்திப் பத்து நிமிஷம் முள்ளைப் பார். ஏறினால் எங்கோ லீக். நின்ற இடத்திலேயே நின்றால் கேஸைத் திறக்கச் சொல். திறந்ததும் ஒவ்வொரு நட்டிலும் சோப்பு நுரை வைத்துப் பார்க்கட்டும்.

அவுட்டோரை வெளிச்சுவரில் தொங்கவிடாதே. பால்கனியிலேயே, ஆள் நின்று கழுவுகிற மாதிரி, சூடான காற்று வெளியே போகிற மாதிரி வை. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே கயிறு கூட இல்லாமல் தொங்குகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் அடிவயிறு கலங்கும். உன் வீட்டு வேலைக்காக யாரும் அப்படி இறங்கக் கூடாது. வந்தவருக்குக் காபி கொடு, அவசரப்படுத்தாதே.

முள் நின்றதையும் நட் இணைப்பையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சரி என்றதும் பணம் கொடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா