என்ஜினுக்கு முக்கால் பக்கம், பிரேக்குக்கு ஒரு வரிகூட இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே ஹாட் ராட் ரோட்ஸ்டர், அதாவது பழைய திறந்த காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டி, கட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லேத்தில் முப்பது ஆண்டு கடைசல் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு வண்டியைக் கட்டி முடித்தவன். அதனால் ஆவலோடு படிக்க ஆரம்பித்து எரிச்சலோடு முடித்தேன்.

முதலில் சின்னக் குறை. பக்கத்தின் கீழே போட்டிருக்கும் படம் ரோட்ஸ்டர் அல்ல. கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி தெரிகிறது, அது கேப்ரியோலே என்ற வேறு வகைத் திறந்த கார். அந்தக் கால ரோட்ஸ்டருக்குக் கதவுக் கண்ணாடியே கிடையாது. மழை வந்தால் பக்கத் திரையை மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நனைய வேண்டும்.

பெரிய குறைக்கு வருகிறேன். முக்கால் பக்கம் என்ஜினுக்குப் போயிருக்கிறது. கார்புரேட்டர் எத்தனை, குதிரைத்திறன் எவ்வளவு, சைலன்சரின் உறுமல் எப்படி என்று ஒன்று விடாமல் இருக்கிறது. பிரேக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. ஸ்டீயரிங் என்ற சொல், ‘அழகிய மரப்பிடி கொண்ட ஸ்டீயரிங்’ என்று ஒரே ஒரு முறை வருகிறது. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆறு ஆண்டு ஆனது. அதில் என்ஜினைத் தூக்கி உட்கார வைக்க எடுத்துக்கொண்டது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். என்னிடம் இருப்பது செவ்ரோலெட்டின் 350 கன அங்குல வி8, எட்டு சிலிண்டர் என்ஜின். 1955-இல் தொடங்கிய என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. உதிரிபாகமும் கிடைக்கும், விவரம் சொல்ல ஆளும் கிடைக்கும். வண்டியிலேயே சுலபமான பகுதி அதுதான்.

கட்டுரை புகழ்ந்த அந்தப் பழைய அமெரிக்கப் பையன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1932 ஃபோர்டு வி8 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். மட்கார்டையும் பானெட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அதைச் சொன்ன கட்டுரை அடுத்த பாதியைச் சொல்லவில்லை. அந்த வண்டியின் பிரேக் கம்பியால் இழுபடும் பிரேக். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு மாறியதே 1939-இல்தான். அதன்பின் பழைய ரோட்ஸ்டர் வைத்திருந்தவர்கள் புதிய வண்டிகளின் பிரேக்கைத் தேடிப் பிடித்துத் தங்கள் வண்டியில் மாட்டினார்கள். வேகப் பைத்தியம் என்று பெயர் வாங்கியவர்களுக்கே அந்தப் புத்தி இருந்தது.

இனி என் கதை. என் வண்டியில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் எண்ணெயைக் குழாயில் தள்ளும் தொட்டியோடு கூடிய உருளை, வண்டித் தரைக்கு அடியில், சேஸிஸ் சட்டத்தில் இருக்கிறது. மட்டம் பார்த்தால் சக்கரத்தில் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வு. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்கும். இரண்டாவது, மூன்றாவது மிதியில் கல்லாக நிற்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு மிதித்தால் மறுபடியும் இறங்கும். காற்று புகுந்துவிட்டது என்று நினைத்து வாரக்கணக்கில் காற்று எடுத்தேன். என் மனைவி பெடலை மிதிப்பாள், நான் கீழே படுத்துத் திருகாணியைத் திறப்பேன். ‘மிதி’, ‘விடு’ என்ற இரண்டு சொற்களைத் தவிர அந்த மாதம் நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொண்டதாக நினைவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள்: “தொட்டி கீழே, குழாய் மேலே. தண்ணீர் திரும்பி வராமல் என்ன செய்யும்?”

அதேதான். எண்ணெய் மெல்லத் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கக் குழாயின் நடுவே ஒரு சிறிய வால்வு வைக்க வேண்டும். தட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக்குக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தம் நிறுத்தும் வால்வு, உருளையின் உட்பக்கம் உரசும் டிரம் பிரேக்குக்கு 10 பவுண்டு. இடம் மாற்றி வைத்துவிட்டால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். கட்டைவிரல் அளவுள்ள அந்த வால்வைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை வெட்டி வைத்திருப்பேன்.

பெடலுக்கும் கணக்கு இருக்கிறது. பெடல் சுழலும் ஊசியிலிருந்து கால் வைக்கும் இடம்வரை 12 அங்குலம், அதே ஊசியிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் தண்டுவரை 2 அங்குலம், ஆறுக்கு ஒன்று. மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு இந்த அளவில் இருந்தால்தான் கால் பலம் போதும். பெடல் சிறியதாக இருந்தால் அழகு என்று நான் முதலில் செய்தது நான்குக்கு ஒன்று. எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது.

ஸ்டீயரிங்கில் செய்த தவறு இதைவிட மோசம். முன்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்ஸில், அதன்மேல் குறுக்காக ஒரே பட்டை வில் (ஸ்பிரிங்). ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு தண்டு குறுக்கே போகிறது. இந்த அமைப்பில் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள இன்னொரு குறுக்குத் தண்டு வேண்டும். பான்ஹார்டு தண்டு என்பார்கள். வைத்தேன். இடம் கிடைத்த இடத்தில், கிடைத்த நீளத்தில் வைத்தேன். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டினேன். ஒரு சின்ன மேட்டில் ஏறியதும், நான் திருப்பாமலே சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. ஓட்டப் பழகிய நாளிலிருந்து எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

காரணத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது இரண்டு தண்டுகளின் நுனியும் வில்போல வளைந்த பாதையில் போகின்றன. இரண்டும் ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இரண்டு பாதையும் ஒன்றுபோல இருக்கும். ஒன்று குட்டையாகவோ சாய்வாகவோ இருந்தால், ஒவ்வொரு மேடும் பள்ளமும் உங்களுக்குப் பதிலாக ஸ்டீயரிங்கைத் திருப்பும். ஆயுள் முழுவதும் நூல் கணக்குப் பார்த்துக் கடைந்தவன், சொந்த வண்டியில் இடம் இருந்த இடத்தில் வெல்டிங் வைத்தேன். வெட்டி எடுத்து மறுபடியும் செய்ய மூன்று மாதம்.

உடல் பகுதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வாங்கிய பழைய உடலில் தரைத் தகடு துருவில் கரைந்திருந்தது, வெட்டி எறிந்தேன். ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது தரைதான் என்பது வெட்டியபின் தெரிந்தது. அடுத்த நாள் கதவு மூடவில்லை. கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பிகளை வெல்டு செய்துவிட்டு அல்லவா வெட்டியிருக்க வேண்டும்! சேஸிஸில் அந்தத் தவறு நடக்கவில்லை. திறந்த சட்டத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கும்போது ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம், ஆறவிட்டுப் பிறகு அடுத்தது என்று போனேன். ஒவ்வொரு முறையும் மூலைக்கு மூலை அளந்தேன். ஒரே மூச்சில் ஓட்டினால் சட்டம் வாழைப்பழம் போல வளைந்துவிடும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில், அது காய்வதற்குமுன் வெல்டிங் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் படைவீரர்கள்மேல் விட்டது அது. உங்கள் கட்டுரையில் ‘நன்றாகச் சுத்தம் செய்து வெல்டு செய்யவும்’ என்று மட்டும் இருக்கிறது. எதனால் சுத்தம் செய்ய என்று யார் சொல்வது?

இளைஞர்களை இந்த வேலையிலிருந்து விரட்ட நான் எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் என் கொட்டகையிலேதான் பிரேக் குழாயின் நுனியை இரட்டையாக மடித்து விரிக்கக் கற்றுக்கொண்டான். இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறான். அவன்தான் உங்கள் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டி, “தாத்தா, இதில் வண்டி எப்படி நிற்கும் என்று போடவில்லையே” என்றான்.

அந்தப் பையன் கேட்டதற்கு இன்னொரு ஞாயிறு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படம் வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன். பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் தெளிவாகத் தெரியும்படி, வண்டிக்கு அடியில் படுத்து எடுத்தது. என்ஜின் அதில் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல்காரர், உங்கள் நெடுநாள் வாசகர்