பழகச் சொல்லித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பழகும் பயிற்சி தரும் தெரபிஸ்ட்டுகளுக்கும் சிறப்பு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பதினாறு வயதுப் பையனின் அம்மா எழுதுகிறேன். உங்கள் பொறுமையில் நான் குறை சொல்லவே மாட்டேன். என் குறையெல்லாம் பயிற்சி நடக்கும் இடத்தைப் பற்றியும் பாடத்தைப் பற்றியும்தான்.

மூடிய அறை, வட்டமாக நாற்காலிகள், கையில் படம் போட்ட அட்டை. "கடைக்குப் போனால் என்ன பேசுவாய்?" என்று கேட்டால் என் மகன் பிசகாமல் ஒப்பிக்கிறான். அவனையே பான்பரி மார்க்கெட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் வாயே திறப்பதில்லை. அட்டையில் இருக்கிற கடையில் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊரில் காய்கறிக் கடைக்கு வரிசை ஏது? நாலு பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டுவார்கள். "அண்ணே, அரைக் கிலோ தக்காளி" என்று குரல் கொடுத்தவருக்கு முதலில் கிடைக்கும். முறை வரும்வரை காத்திருக்கப் படித்த பிள்ளை காத்துக்கொண்டே நிற்பான்.

இது என் மகனோடு நிற்கிற சிக்கல் இல்லை. இத்தகைய குழுப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு அலசல் வெளிவந்தது. அதன்படி, முன்னேறியிருக்கிறோம் என்று பயிற்சி பெற்ற இளையவர்கள் சொன்னது பெரும்பாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டதைத்தான். அதை நடைமுறையில் செய்வதை அல்ல. அவர்களுடைய ஆசிரியர்கள் கண்ணுக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

அதனால் பாதி வகுப்புகளையாவது வெளியே நடத்துங்கள். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, கண்டக்டரிடம் இறங்கும் இடம் சொல்லி, சில்லறை வாங்கி, மஞ்சக்குப்பத்தில் இறங்கட்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் தொடங்கலாம். சத்தம் தாங்காத பிள்ளை காதை மூடிக்கொள்ளும் ஹெட்ஃபோனோடு போகட்டும், அதில் என்ன தப்பு?

அப்புறம் இந்த "கண்ணைப் பார்த்துப் பேசு". தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். கண்ணைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறுவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளிலோ பெரியவர்களை நேராகப் பார்த்தால், "என்ன முறைக்கிற?" என்று கேட்பார்கள். சென்டரில் மதிப்பெண் வாங்கித் தரும் பார்வை சித்தப்பா வீட்டில் திட்டு வாங்கித் தருகிறது!

இன்னொன்று. பயிற்சி எப்போதும் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமே. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012இலேயே எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லும்படி சங்கிலி போல ஆட்களை அமர்த்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலியிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த சங்கிலியிலும் கதை ஒரே அளவுக்குத் தங்கியது. இரு தரப்பும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் தொலைந்தது. அப்படியென்றால் வகுப்புத் தோழர்களுக்கும் பஸ் கண்டக்டர்களுக்கும் ஒரு மணி நேரமாவது சொல்லித்தர வேண்டாமா? பதில் வர நேரமானால் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்காதீர்கள் என்பது போன்ற சின்ன விஷயங்களே போதும்.

பெற்றோரையும் வாசலில் உட்கார வைக்காதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் உருவான பியர்ஸ் என்ற பயிற்சியில் பிள்ளைகள் ஓர் அறையில் படிக்கும்போதே பெற்றோர் வேறோர் அறையில் அதே பாடத்தைப் படிக்கிறார்கள். பாடத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அந்த ஏற்பாடு நமக்கும் உதவும்.

எதைக் கற்க ஆசை என்று பிள்ளையிடமே கேளுங்கள். என் மகனுக்கு நாலு நண்பர்கள் வேண்டாம். ரயில் பற்றிப் பேச ஒரே ஒருவன் கிடைத்தால் போதும் என்கிறான்.

சனிக்கிழமை காலைகளில் பஸ் ஸ்டாண்டுக்குத் துணையாக வர எங்களில் சில பெற்றோர் தயார். டிக்கெட் செலவும் எங்களுடையது. எந்த வாரம் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கடலூர்