பூங்காக் கழிவறையின் பூட்டைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
வட சென்னை.
(பெயரும் கதவு எண்ணும் முந்தைய மூன்று மனுக்களிலும் உள்ளன)

பெறுநர்
உயர்திரு அலுவலர் அவர்கள்,
பூங்காக்கள் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: எங்கள் பகுதி சிறுவர் பூங்காவில் பூட்டிக் கிடக்கும் கழிவறையைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. சித்திரையில் நேரில் கொடுத்த மனு. 2. ஆடியில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு. 3. தீபாவளிக்கு முந்தைய திங்கட்கிழமை, குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. தங்களுக்கு வேலைப் பளு அதிகம் என்பது தெரியும். நானும் முப்பத்தாறு வருடம் ஒர்க்‌ஷாப்பில் குப்பை கொட்டியவன். மேசைமேல் காகிதம் எப்படிச் சேரும் என்று பார்த்தவன். ஆகவே கோபமில்லாமல்தான் ஆரம்பிக்கிறேன்.

எந்தப் பூங்கா என்று விளக்கத் தேவையில்லை. மார்க்கெட் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டி இருப்பது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம். தாங்கள் ஜீப்பில் அந்த வழியாகப் போகும்போது வேப்பமரமும் மஞ்சள் சறுக்கு மரமும் கண்ணில் பட்டிருக்கும். அதே பூங்காதான்.

1. சென்னையில் குழந்தைகளைக் கூட்டிப்போக இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாம் தூரத்தில் இருக்கிறது. நான் பையனாக இருந்தபோது உயிர் காலேஜ், அதாவது மிருகக்காட்சி சாலை, மூர் மார்க்கெட் பக்கத்தில்தான் இருந்தது. அப்பா சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போவார். புலியைப் பார்த்துவிட்டு, அப்படியே எழும்பூர் மியூசியத்துக்கு, அதாவது செத்த காலேஜுக்குப் போய்த் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருப்போம். 1985இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போய்விட்டது. 602 ஹெக்டேர் காடு, மிருகங்களுக்கு நல்லதுதான். எங்களுக்குத்தான், பெரம்பூரில் வண்டி ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்குப் போய், செங்கல்பட்டு வண்டி பிடித்து வண்டலூரில் இறங்குவதற்குள் பேரன் பெரியவன் பசிக்கிறது என்பான், பேத்தி சின்னவள் தூங்கிவிடுவாள்.

கிண்டி சிறுவர் பூங்கா, கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம், அதே பக்கத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு (காசு கிடையாது, ஏசி வேறு), 29சி பிடித்தால் பெசன்ட் நகர் கடற்கரை, பொங்கலை ஒட்டித் தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினமும் டெல்லி அப்பளமும் என்று எல்லாம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸ்காரர் ஃபோன் நம்பர் எழுதிக் கையில் கட்டிவிட்ட பட்டையைப் பேத்தி ஒரு வாரம் கழற்றவில்லை. எங்கள் பக்கத்துக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே ரயில் மியூசியம் இருக்கிறது. 2002இல் திறந்தது, குட்டி ரயில் ஓடுகிறது. அங்கே போனால் பேரப்பிள்ளைகளுக்கு நான்தான் கைடு. ரயில் பெட்டிக்கு அடியில் சக்கரம் மாட்டும் போகி ஃபிரேமைத் தட்டிக் காட்டி விளக்குவேன். அவர்கள் கொட்டாவி விடுவார்கள். செவ்வாய்க்கிழமை வண்டலூரும் கிண்டிப் பூங்காவும் லீவு, வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியம் லீவு என்று காலண்டரில் பேத்தி பென்சிலால் எழுதியே வைத்திருக்கிறாள்.

ஆனால் ஐயா, இதெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடித்ததும் இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது இந்தப் பூங்காவுக்குத்தான். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வண்டலூர், மெரினா, தீவுத்திடல் எல்லாம் இதுதான்.

2. பூங்காவைப் புதுப்பித்துக் கொடுத்ததற்கு நன்றி. ஊஞ்சலில் ஒரு பக்கம் புஷ் தேய்ந்து கிறீச்சிடுகிறது. இரண்டு விளக்கு எரியவில்லை. இவற்றையெல்லாம் முந்தைய மனுக்களில் எழுதியிருந்தேன். இப்போது விட்டுவிடுகிறேன். அவை எப்போது முடிகிறதோ அப்போது செய்யுங்கள்.

3. கழிவறை. புதுப்பித்தபோது கட்டியதுதான். வெளிச் சுவரில் நீலத்தில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்து, ஒரு பக்கம் ‘ஆண்கள்’, ஒரு பக்கம் ‘பெண்கள்’, நடுவில் ‘கழிவறையைச் சுத்தமாக வைத்திருப்போம்’ என்று எழுதியிருக்கிறது. சுத்தமாகத்தான் இருக்கும். திறந்தால்தானே அழுக்காவதற்கு? திறப்பு விழா முடிந்து மூன்று மாதம் ஓடியது. பிறகு பூட்டினார்கள். அந்தப் பூட்டு மழையில் நனைந்து துருப்பிடித்து, சாவி போடும் ஓட்டையில் குளவி மண்கூடு கட்டிவிட்டது. இதை வருணனைக்காகச் சொல்லவில்லை. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

பையன்கள் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால் அந்த மூலை நாறுகிறது. சறுக்கு மரம் அந்த மூலையில்தான் இருக்கிறது. சரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு சறுக்கட்டும். பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? என் பேத்திக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவள் பாட்டிக்கு முழங்கால் வலி, பூங்கா வரை நடக்க முடியாது. கூட வருவது நான் ஒருத்தன். ஆண்பிள்ளை, அதுவும் கிழவன், ஒரு பெண் குழந்தையை எந்த மறைவுக்குக் கூட்டிப்போவேன்? ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கமா, டாஸ்மாக் சந்துப் பக்கமா? வீட்டுக்கு ஓடிவர ஒன்பது நிமிடம் ஆகும். ஏழு வயசுக்கு அவ்வளவு நேரம் அடக்க வராது.

ஆடி வெள்ளியன்று நடந்ததை இரண்டாவது மனுவில் எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று கத்துகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பாவாடை நனைந்திருக்கிறது, ஊஞ்சல் பலகையிலிருந்து சொட்டுகிறது. அழவில்லை ஐயா, அதுதான். என் தோளில் கிடந்த துண்டை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு, “தாத்தா, நீ என் பின்னாடியே ஒட்டி வா” என்றாள். தெருக்கோடி வரைக்கும் அவள் பின்னாலேயே ஒட்டி நடந்தேன். எதிரே வந்த இரண்டு பேர் “என்ன தாத்தா, பேத்தியோட ரயில் விளையாட்டா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் பூங்கா பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் மறுபடி வர ஆரம்பித்தாள், ஆனால் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டு. மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பும் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. பால் டம்ளரையும் பாதியில் வைத்துவிடுகிறாள். நாங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ஐப்பசியில் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் துடித்தபோது டாக்டர்தான் கேட்டார்: “பாப்பா தண்ணி குடிக்கிறாளா? ஒண்ணுக்கு அடக்குறாளா?” அடக்கி வைத்தால் கிருமி சேரும், பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிக்கும் என்று அந்த அம்மா விளக்கினார். அவள் என்னையே பார்த்தாள். நான் என்ன சொல்ல? ஐந்து நாள் மருந்து கொடுத்தோம். மருந்துச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். இதையாவது படியுங்கள்.

3-இன் தொடர்ச்சி. என் பேத்தி ஒருத்தி கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பூங்கா திறந்த புதிதில் சாயங்காலம் பெண் பிள்ளைகள் கூட்டம் பையன்களுக்குச் சமமாக இருக்கும். பாண்டி ஆடக் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். போன வாரம் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். பையன்கள் இருபத்து மூன்று, பெண் பிள்ளைகள் நாலு. நாலில் இரண்டு பேர் எதிர்வீட்டுப் பிள்ளைகள், ஓடிப்போய்விட்டு ஓடிவந்துவிடலாம். பால் விற்கும் அம்மா ஒருத்தர் தன் வீட்டுக் கழிவறையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் வீடு ஒற்றை அறை. தண்ணீர் லாரி வரும் நாளில் எட்டுக் குடம் பிடித்து வைப்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊற்றியே நாலு குடம் போனால் அவர் என்ன செய்வார்? மாசியிலிருந்து அவரும் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர்மேல் வருத்தமில்லை. அரசாங்கம் கட்டிய கழிவறையைப் பூட்டி வைத்துவிட்டு, ஒரு பால்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டச் சொல்வது என்ன நியாயம்?

4. இதுவரை எனக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. ஒன்று, தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. இரண்டு, ஒப்பந்ததாரர் மாறிவிட்டார், சாவி பழையவரிடம் இருக்கிறது. மூன்று, திறந்தால் ராத்திரியில் குடிகாரர்கள் உள்ளே போய்விடுகிறார்கள்.

மோட்டாரைப் பற்றி: நான் ஃபிட்டர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போன வைகாசியில் வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டபோது உறுமியது, சுற்றவில்லை. எரிந்த மோட்டார் உறுமாது, வாடை அடிக்கும். இது பெரும்பாலும் கெபாசிட்டர் போன கேஸ். சில நூறு ரூபாய் சாமான். அனுமதி கொடுத்தால் நானே வாங்கி மாட்டிவிடுகிறேன், பில் கூடக் கேட்கமாட்டேன். சாவியைப் பற்றி: பூட்டை உடைத்துவிட்டுப் புதுப் பூட்டுப் போடலாமே, இதற்கு எந்த ஊர் சட்டம் தடை? குடிகாரர்களைப் பற்றி: பூங்கா கேட்டையே ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டிவிடுகிறார்கள். கேட் ஏறிக் குதித்து வருகிறவனுக்குக் கழிவறைதான் வேண்டுமா? அவனுக்குப் பயந்து ஏழு வயசுப் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்!

5. தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேள் என்று பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்கிறார். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டுமாம். நான் இன்னும் கேட்கவில்லை. எனக்குத் தகவல் வேண்டாம். கதவு திறக்க வேண்டும்.

6. ஆகவே தாங்கள் தயவு கூர்ந்து,

(அ) மாலை நாலு மணி முதல் எட்டரை வரையும், பள்ளி விடுமுறை நாட்களில் பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுவதும் கழிவறையைத் திறந்து வைக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்.

(ஆ) சாவி ஒன்று வாட்ச்மேனிடம் இருக்கட்டும். அவர் நல்ல மனிதர், அவரை மாற்றிவிடாதீர்கள்.

(இ) துப்புரவுக்கு ஒரு பெண் பணியாளர் ஒரு வேளை வந்தாலும் போதும். பெண்கள் பக்கத்தில் உள்தாழ்ப்பாள் இல்லை. அதையும் நானே போட்டுத் தருகிறேன், என்னிடம் இரண்டு இருக்கிறது.

(ஈ) இதையெல்லாம் உடனே செய்ய முடியாது, ஃபைல் போக வேண்டும் என்றால், பெண்கள் பக்கத்தை மட்டுமாவது திறந்துவிடுங்கள். பையன்களுக்கு வேப்பமரம் இருக்கிறது. இப்படி எழுதவேண்டி வந்ததே கேவலம். ஆனாலும் எழுதுகிறேன். பெண்கள் பக்கத்தை மட்டுமாவது.

(உ) அதுவும் முடியாதென்றால் முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மூன்று மனுவுக்கும் சேர்த்து ஒரே வரி.

7. சித்திரை பிறந்தால் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிடுவார்கள். கத்திரி வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கே பிள்ளைகள் வேப்பமர நிழலுக்கு வந்துவிடும். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விளையாடுவது எப்படி இருக்கும் என்று தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லீவுக்கு முன்னால் ஒரு நாள், அரை மணி நேரம், ஆள் அனுப்பினால் போதும். திறந்துவிடுங்கள் ஐயா.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
நாள்: பங்குனி மாதக் கடைசி வாரம்
இடம்: வட சென்னை

இணைப்பு:
1. முந்தைய மனுக்களின் நகல் 3
2. ஒப்புகைச் சீட்டு 2 (மூன்றாவது மனுவுக்குச் சீட்டு தரவில்லை, கேட்டேன்)
3. மருந்துச் சீட்டு நகல் 1
4. பூட்டின் புகைப்படம் 1 (குளவிக்கூடு தெரியும்படி எடுத்தது)
5. பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் பத்தொன்பது பேர் கையெழுத்து. இதில் ஆறு கையெழுத்து, இப்போது வராமல் நின்றுவிட்ட பெண் பிள்ளைகளின் வீட்டுக்கே போய் வாங்கியது.

பின்குறிப்பு: ஆள் அனுப்புவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்புங்கள். பூட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு வைக்கிறேன். ஸ்பேனர், ஹேக்ஸா பிளேடு எல்லாம் என்னிடமே இருக்கிறது. அவர் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.