ஊசி எவ்வளவு ஆழம் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிட்ட வலிக்கு அக்குபங்சர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். பிட்டத்துத் தசை ஒன்று நரம்பை நெருக்குவதால் வரும் இந்த வலி, அதாவது பிரிஃபார்மிஸ் சிண்ட்ரோம் பற்றித் தமிழில் யாராவது எழுதினாலே மகிழ்ச்சிதான். ஆனால் எந்த வகை அக்குபங்சர், ஊசி குத்துவதா விரலால் தொடுவதா என்று கட்டுரை சொல்லவில்லை. இந்த வலியோடு வருகிறவர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

பிரிஃபார்மிஸ் தசை பிட்டத்தின் பெரிய தசைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. முதுகெலும்பின் அடிப்பகுதியில் தொடங்கித் தொடை எலும்பின் மேல்முனை வரை குறுக்காகப் போகிறது. அதை ஒட்டித்தான் சயாட்டிக் நரம்பு காலுக்கு இறங்குகிறது. சிலருக்கு நரம்பின் ஒரு பகுதி தசையைத் துளைத்துக்கொண்டே வரும். தசை இறுகி நரம்பை நெருக்கினால் பிட்டத்தில் தொடங்கும் வலி பின்தொடை வழியாக இறங்கும். மணிக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்களுக்கு, அதுவும் பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து உட்கார்பவர்களுக்கு, இன்னும் படுத்தும்.

சீன மரபில் இதற்குக் குத்துகிற ஜிபி 30 என்ற புள்ளி இந்தத் தசை இருக்கும் இடத்தில்தான் வருகிறது. ஊசி இரண்டு அங்குலம் அளவுக்குக்கூட உள்ளே போகும். பக்கத்திலேயே நரம்பு. உடற்கூறு தெரிந்த கை வேண்டும், ஒருவருக்குப் பயன்படுத்தி எறிகிற ஊசி வேண்டும்.

நம் ஊரில் பல இடங்களில் அக்குபங்சர் என்ற பெயரில் நடப்பது வேறு. நாடி பார்த்து, கையிலோ காலிலோ ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆழ ஊசியை வைத்துச் செய்த ஆய்வுகளை இதற்கு ஆதாரமாகக் காட்டுவது நியாயமே இல்லை. அந்த ஆய்வுகளும் சிறியவைதான். பொதுவான கீழ்முதுகு வலிக்கே கருத்து ஒன்றாக இல்லை: பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் அக்குபங்சர் வேண்டாம் என்றது, அமெரிக்க மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் முயன்று பார்க்கலாம் என்றது.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலி தணிந்தால் நோயாளி தசையை நீட்டும் பயிற்சிகளைச் சரியாகச் செய்ய முடியும், அந்த அளவில் அது உதவி. ஆனால் முதலில் வலி முதுகெலும்பு டிஸ்க்கிலிருந்து வருகிறதா, இடுப்பு மூட்டிலிருந்தா என்று ஒருவர் கையால் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். மாத்திரைகளை எல்லாம் நிறுத்தச் சொல்லும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: கால் பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ எந்தப் புள்ளியையும் தேடாமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
ஈரோடு