கிழங்கு கடைசியில், மற்றதெல்லாம் முதலில்

அன்புள்ள கண்ணம்மா,

சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன், லோடட் ஃப்ரைஸ் போடப்போகிறேன், எப்படிப்பா செய்யறது என்று கேட்டாய். வறுத்த உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் சீஸ் சாஸும் கறியும் அடுக்குகிற பண்டம்தானே அது. நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி அடுப்பு முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வராது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

உன்னிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆட்களைக் கூப்பிடுவாய், அவர்கள் கூடத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நீ மட்டும் கரண்டியோடு அடுப்பங்கரையில் நிற்பாய். கடைசி ஆள் கிளம்பும்போதுதான் வெளியே வந்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்பாய். இந்தப் பண்டத்தை ஏனோதானோ என்று ஆரம்பித்தால் இந்தத் தடவையும் அதே கதைதான். வரிசையை மட்டும் சரியாக வைத்துக்கொண்டால் நீயும் உட்கார்ந்து சாப்பிடலாம். வரிசை இதுதான்: வறுத்த கிழங்குக்கு ஆயுசு பத்து நிமிஷம், மற்ற எல்லாம் மணிக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே மற்றதை எல்லாம் முதலில் முடித்துவிடு. கிழங்கைக் கடைசியில் தொடு.

ஏன் பத்து நிமிஷம் என்கிறேன் என்றால், மொறுமொறுப்பு என்பது கிழங்கின் மேலே ஈரம் வற்றிப்போன ஒரு மெல்லிய ஓடு, அவ்வளவுதான். உள்ளே வெந்த சதையில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்த நொடியிலிருந்து அந்த ஈரம் உள்ளேயிருந்து ஓட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அதன் தலையில் நீயும் சாஸை ஊற்றினால் மேலேயிருந்தும் ஈரம். ரெண்டு பக்கமும் அடி வாங்கினால் எந்த ஓடு தாங்கும்? மேலேயிருந்து வருகிற ஈரத்தையாவது குறைப்பது நம் கையில் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

முதலில் கிழங்கு. பன்னிரண்டு பேருக்கு ஃப்ரோசன் பாக்கெட்டே வாங்கு. நம் கையால் வெட்டவில்லையே என்று கூச்சப்படாதே. தொழிற்சாலையிலேயே ஒரு தடவை எண்ணெயில் போட்டு எடுத்து உறைய வைத்துத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். வீட்டில் பாதி நாள் பிடிக்கிற வேலை அதில் முடிந்திருக்கிறது. ஒல்லிக் குச்சியாக இருப்பதை வாங்காதே, சாஸ் பட்டதும் துவண்டுவிடும். ஒரு சென்டிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். நெளிநெளியாக வெட்டியது கிடைத்தால் இன்னும் நல்லது, அந்தப் பள்ளங்களில் சாஸ் தங்கும். ஆளுக்கு 200 கிராம் கணக்கு வை. மேலே கறியும் ராஜ்மாவும் போகப்போகிறது என்பதால் அது போதும். மொத்தம் இரண்டரை கிலோ.

பாக்கெட்டை முன்னதாக வெளியே எடுத்து வைத்து உருக விடாதே. உருகினால் மேலெல்லாம் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பிறகு ஓவனில் வறுபடாமல் வேகத்தான் செய்யும். ஃப்ரீசரிலிருந்து நேராக ட்ரேக்குப் போகட்டும். ஓவனை 220 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பு. பாதி நேரத்தில் ஒரு தடவை புரட்டிவிடு. 25 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷம் ஆகும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்குமேல் ரெண்டு மூன்று நிமிஷம் தாராளமாக விடலாம், ஏனென்றால் இது சாஸைச் சுமக்கப்போகிற கிழங்கு. ஆனால் பொன்னிறத்தோடு நிறுத்து. கரும்பழுப்பு ஆகும்வரை விட்டால் கசக்கும். அக்ரிலமைடு என்கிற வேண்டாத பொருளும் அந்த நிறத்தில்தான் அதிகம் சேர்கிறது.

உன்னை எனக்குத் தெரியும், இதைப் படித்த பிறகும் சொந்தமாக வெட்டித்தான் செய்வேன் என்பாய். சரி, நாலு பேருக்குச் செய்யும்போது செய்து பார். மாவுப்பற்று அதிகமுள்ள கிழங்காக வாங்கு; வெந்தால் உதிர்கிற ரகம். அதை ஃப்ரிட்ஜில் வைக்காதே. குளிரில் கிழங்கிலுள்ள மாவு சர்க்கரையாக மாறும், அப்புறம் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும். வெட்டிய துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசு. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, பத்து நிமிஷம் மெல்லக் கொதிக்க விடு. புளிப்பு இருந்தால் கிழங்கைக் கட்டிப்பிடித்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாது, துண்டு உடையாமல் வேகும். வடித்து, துணியில் பரப்பி, ஆவி அடங்கி நன்றாகக் காய்ந்த பிறகு 160 டிகிரி எண்ணெயில் நிறம் மாறாமல் நாலைந்து நிமிஷம். எடுத்து முழுக்க ஆற விடு. பரிமாறும் நேரத்தில் 190 டிகிரியில் ரெண்டு மூன்று நிமிஷம். எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு உப்புத் தூவு, ஆறிய கிழங்கில் உப்பு ஒட்டாது. பாத்திரத்தில் பாதிக்குமேல் எண்ணெய் வேண்டாம். ஒரேயடியாகக் கொட்டினால் சூடு இறங்கி, கிழங்கு எண்ணெய் குடிக்கும். மூடியைக் கை எட்டும் தூரத்தில் வை. தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியைப் போடு, தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே.

இப்போது சாஸ். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

30 கிராம் வெண்ணெயை உருக்கி, 30 கிராம் மைதாவைப் போட்டு, சிறு தீயில் ரெண்டு நிமிஷம் கிளறு. பச்சை வாசனை போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. முதல் ரெண்டு கரண்டி ஊற்றியதும் களிபோல உருண்டுகொண்டு உன்னைப் பயமுறுத்தும். விடாமல் கிளறு, அடுத்த ரெண்டு கரண்டியில் இளகிவிடும். கொதி வந்து கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் அடுப்பை அணை. ஒரு நிமிஷம் பொறு. அதற்குப் பிறகுதான் சீஸ்: 200 கிராம் செடார், கைப்பிடி கைப்பிடியாக, ஒவ்வொரு பிடியும் கரைந்த பிறகு அடுத்தது.

அணைத்த பிறகு போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொதிக்கிற சாஸில் சீஸைப் போட்டால் அதிலுள்ள புரதம் இறுகி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அடியில் மணல்போல் திப்பி, மேலே எண்ணெய் மிதக்கும். அப்படித் திரிந்ததைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம். துருவி பாக்கெட்டில் அடைத்து விற்கிற சீஸையும் சாஸுக்கு வாங்காதே. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதன்மேல் ஒரு பொடி தூவியிருப்பார்கள், சாஸ் வழவழப்பாக வராது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவு. இன்னும் தைரியம் போதவில்லை என்றால் ப்ராசஸ்டு சீஸ் ஸ்லைஸ் ரெண்டைக் கூடப் போடு. கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கிற உப்பை அதில் முன்பே சேர்த்திருக்கிறார்கள். அதைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மொசரெல்லா நூல்போல இழுபடும், போட்டோவுக்கு நன்றாயிருக்கும், சுவை என்று கேட்டால் செடார்தான். கடைசியில் அரைக் கரண்டி கடுகு பேஸ்ட், கொஞ்சம் மிளகு. ருசி பார்த்த பிறகு உப்பு. இந்த அளவு ஒரு சுற்றுக்கு. சனிக்கிழமைக்கு இரட்டிப்பாகச் செய்து, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மூடிவிட்டால் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும். இறுகினால் ரெண்டு கரண்டி சூடான பால்.

வயிறு நிறைய வேண்டும் என்றாயே, அதற்குக் கொத்துக்கறியும் ராஜ்மாவும். கறியை முந்தின நாளே செய்துவிடு, மறுநாள் மசாலா இன்னும் நன்றாகப் பிடித்திருக்கும். அகலமான வாணலியை நன்றாகக் காய வைத்து, கறியைப் பரப்பிவிட்டு, கிளறாமல் விடு. முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு சலசலவென்று சத்தம் வரும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறி எண்ணெயில் பொரிகிற ஒலி கேட்கும். அதற்குப் பிறகுதான் அடி சிவக்க ஆரம்பிக்கும், அப்போது புரட்டு. வெங்காயம், பூண்டு, தக்காளி பேஸ்ட், சீரகத்தூள், மிளகாய்த்தூள், பிறகு வெந்த ராஜ்மா. கால் டம்ளர் தண்ணீர் விட்டு, சுண்டும்வரை வை. பதம் தெரிய, கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழு. இரண்டு பக்கத்துக் கலவையும் ஓடிவந்து மூடினால் இன்னும் வற்ற வேண்டும். கோடு அப்படியே நின்று, அடி தெரிந்துகொண்டிருந்தால் இறக்கு. இந்தச் சோதனையில் தேறாத எதையும் கிழங்கின் மேல் போடாதே.

காய்ந்த ராஜ்மா வாங்கினால் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் பதம் பார்த்துவிடும். ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடும் வேலையே வேண்டாம். பிரஷர் குக்கரில் வெந்ததோ டின்னில் வருவதோ என்றால் கவலையில்லை.

கறி சாப்பிடாதவர்களுக்கு அதே மசாலாவில் காளான். காளானையும் தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை விட வேண்டும், இல்லாவிட்டால் பரிமாறிய பிறகு தட்டில் நீர் விடும். அவர்களுக்குத் தனி ட்ரே, தனிக் கரண்டி. "கறியை ஒதுக்கிட்டு சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வந்தால் சாஸில் மைதாவுக்குப் பதில் கார்ன்ஃப்ளாரைப் பாலில் கரைத்து ஊற்று. ஃப்ரைஸ் பாக்கெட்டையும் படித்துப் பார், சிலதில் மேலே கோதுமை மாவு பூசியிருப்பார்கள்.

கிழங்கு, சீஸ், கறி மூன்றும் கனம். அதை அறுக்கப் புளிப்பு கட்டாயம் வேண்டும். வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, வினிகர், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரையில் அரைமணி ஊறவைத்துப் பிழிந்து எடு. தக்காளி என்றால் விதையும் சாறும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் பொடியாக நறுக்கு. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, இறுகியதைப் பயன்படுத்து. வெங்காயத்தாள், கொத்தமல்லி. போதும்மா. உன் சிநேகிதர்கள் சோளம், ஆலிவ், இன்னும் என்னென்னவோ கொண்டுவருவார்கள்; கிண்ணத்தில் போட்டு ஓரமாக வை, வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளட்டும்.

அடுக்குவதற்கு ஆழமான கிண்ணம் வேண்டாம், அகலமான ட்ரே. மலையாகக் குவித்தால் மேலே இருக்கிறவர் சாஸில் நீந்துவார், அடியிலிருப்பவருக்கு வெறும் கிழங்கு. பாதிக் கிழங்கைப் பரப்பு, கொஞ்சம் சாஸ், கொஞ்சம் கறி. மீதிக் கிழங்கு, மறுபடி அதேபோல். துருவிய சீஸ் போடுவதானால் மூன்று நிமிஷம் ஓவனில் காட்டு. பச்சையாகப் போடுவதெல்லாம் வெளியே எடுத்த பிறகு. மீதி சாஸ் ஒரு ஜாடியில் பக்கத்திலேயே இருக்கட்டும். சூடு ஆறிவிடுமே என்று மூடி போட்டுவிடாதே, ஆவி திரும்பி விழுந்து எல்லாம் நனைந்துவிடும்.

நனைந்தால்தான் என்ன என்று கேட்பாய். கனடாவில் கியூபெக் பக்கம் 1950களில் பிறந்த பூட்டீன் இருக்கிறதே, அதில் கிழங்கின் மேல் சீஸ் கட்டிகளைப் போட்டு, சுடச்சுட கிரேவியையே ஊற்றிக் கொடுக்கிறார்கள். அவர்களும் ஊற்றிய கையோடு முள்கரண்டியால் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பாக, நடு ஊறியிருக்கிற அந்த ஐந்து நிமிஷம்தான் ருசி.

அதனால் இரண்டரை கிலோவையும் ஒரே தடவையில் போடாதே. பாதி, எல்லோரும் வந்து உட்கார்ந்ததும். மீதி ஒரு மணி நேரம் கழித்து. இடையில் ஓவன் தன் வேலையைப் பார்க்கும், நீ போய் உட்கார். மீந்த கறியை ரெண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. சாஸ் படாத கிழங்கு மீந்தால் மறுநாள் ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் நாலு நிமிஷம். சாஸ் பட்டதை மைக்ரோவேவில் சுட வைக்கலாமா என்று என்னைக் கேட்காதே.

காளானுக்கு எத்தனை பேர் என்று எழுது. அரை கிலோ போதுமா, கூட வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா