வியட்நாமின் மீகாங் படுகையில் எங்களைப் பேணியவர்களுக்கு

மீ தோ, வின் லாங், கன் தோ, சொக் சாங், சாவ் தொக் ஆகிய ஊர்களைச் சேர்ந்த அன்பர்களுக்கு,

வணக்கம். சென்ற அக்டோபரில் என் தந்தையாரும் நானும் உங்கள் ஆற்றுப் படுகையில் பதினொரு நாள்கள் தங்கியிருந்தோம். ஊர் திரும்பியவுடனே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தந்தையார் முழுமையாகத் தேறி, தாம் சொல்ல விரும்பியவற்றைத் தாமே சொல்லட்டும் என்று காத்திருந்ததால் தாமதமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

தந்தையார் தலைஞாயிற்றுப் பக்கத்தில் ஐம்பது ஆண்டுகள் நெல் விளைவித்தவர். மேட்டூரில் அணை திறந்த செய்தி வந்தபிறகும் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டப் பல நாள் காத்திருக்கும் கடைமடை விவசாயி. கடலைச் சேருமிடத்திலும் கரை புரள ஓடும் ஓர் ஆற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. திபெத்தியப் பீடபூமியில் பிறந்து ஆறு நாடுகளைத் தொட்டு வரும் மீகாங், உங்கள் மண்ணில் தியன், ஹவ் என்ற இரு பெரும் கிளைகளாகவும், அவற்றிலிருந்து எண்ணற்ற வாய்க்கால்களாகவும் பிரிகிறது. அதற்கு நீங்கள் 'ஒன்பது டிராகன்கள்' என்று பொருள்படப் பெயரிட்டிருப்பது எவ்வளவு பொருத்தம் என்பதை மீ தோ படித்துறையில் நின்ற முதல் காலையிலேயே இருவரும் உணர்ந்தோம்.

முதல் நன்றி, தொய் சோன் தீவில் எங்களுக்குத் துடுப்பு வலித்த அம்மையாருக்கு உரியது. நீப்பா பனைகள் இருபுறமும் கவிந்த அந்தக் குறுகிய ஓடையில் ஓதம் ஏறும்வரை படகு நகராது என்பதால் கரையிலேயே அமர்ந்திருந்தோம். அப்போது அவர், உடன்பிறந்தோரில் எங்கள் இருவருக்கும் எத்தனையாவது இடம் என்று கேட்டார். வழித்துணையாக வந்த கன் தோ பல்கலைக்கழக மாணவி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, கேள்வியின் காரணம் எனக்குப் புரியவில்லை. உங்கள் தென்பகுதியில் வீட்டின் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றும் அடுத்ததை 'மூன்று' என்றும் அழைப்பார்கள் என்பதையும், முன்பின் அறியாதவரைக்கூட முறைப்பெயரும் பிறப்பு வரிசையும் சேர்த்தே கூப்பிடுவார்கள் என்பதையும் அந்த மாணவி விளக்கினார். மூன்றாம் பிள்ளையான தந்தையார் அந்தக் கணத்திலிருந்து 'பாக் து', அதாவது நான்காம் பெரியப்பா ஆனார். மூத்தவளான நான் 'சீ ஹை', இரண்டாம் அக்கா ஆனேன். பெரியண்ணன், நடு அண்ணன், சின்ன அண்ணன் என்றே அழைத்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயர்கள் ஒரு நாளிலேயே பழகிவிட்டன.

அடுத்து நான் யாருக்கு நன்றி சொல்லப் போகிறேன் என்பது ஆன் பின் தீவில் எங்களைத் தங்கவைத்த குடும்பத்துக்குத் தெரியும். இரண்டாம் இரவில் தந்தையாருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, விடிவதற்குள் எழுந்து நிற்கவும் இயலாதபடி நீர் வற்றிப்போனார். நான் கதவைத் தட்டிய ஓசைக்கு எழுந்துவந்த வீட்டுக்காரர் ஆன் பா (மூன்றாம் அண்ணன்), ஒரு கேள்வியும் கேட்காமல் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தார். ஆற்றின் நடுவில் ஆகாயத்தாமரைக் கொடி சுழலியில் சிக்கி எந்திரம் நின்றபோது, அந்த இருட்டில் குனிந்து கையாலேயே கொடியைப் பிய்த்தெறிந்தார். இரண்டு முறை அப்படி நேர்ந்தது. அவர் மனைவி தம் கட்டம் போட்ட துண்டைத் தந்தையாருக்குப் போர்த்தி, அவர் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டே வந்தார். வின் லாங் மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏறத் தொடங்கிய பிறகும் ஆன் பா வீடு திரும்பவில்லை. நண்பகல்வரை வாசலிலேயே நின்றிருந்தார். படகுக்கான எண்ணெய்ச் செலவைக்கூட வாங்க மறுத்துவிட்டார்.

அந்த மருத்துவமனையின் மருத்துவருக்கும் செவிலியருக்கும் எங்கள் வணக்கம். வெந்நீர் கிடைக்கும் இடத்தையும் மருந்துச்சீட்டு கொடுக்கும் இடத்தையும் என் கையைப் பிடித்து அழைத்துச்சென்று காட்டிய பக்கத்துக் கட்டில்காரரின் மகளுக்கும் நன்றி. தீவுக்குத் திரும்பிய மூன்று நாளும் வேளை தவறாமல் வெண்கஞ்சியும் உப்பு முட்டையும் வந்தன. எங்கள் வீட்டில் யார் காய்ச்சலில் படுத்தாலும் அம்மா முதலில் வைப்பது கஞ்சிதான். அம்மா காலமான பிறகு தந்தையார் ஒருவர் கையால் வாங்கி மீதம் வைக்காமல் குடித்த முதல் கஞ்சி உங்களுடையது. நான்காம் நாள் மஞ்சள் சித்தகத்திப் பூவும் வெள்ளப் பருவத்துச் சிறுமீனும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு வந்தது. நம்மூர் வரப்பில் நிற்கும் செடியின் பூவை இங்கே குழம்பில் போடுகிறார்கள் என்று அவர் வியந்து பேசத் தொடங்கியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

காய் ராங் மிதவைச் சந்தையில் எங்களுக்கு அன்னாசி நறுக்கிக் கொடுத்த தம்பதியருக்கும் நன்றி. மூங்கில் கழியில் தொங்குவதுதான் அந்தப் படகின் சரக்கு என்பதையும், கழியில் ஓலை தொங்கினால் படகே விலைக்கு வருகிறது என்பதையும் நீங்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தீர்கள். சாலைகளும் பாலங்களும் பெருகியபின் ஆண்டுக்கு ஆண்டு படகுகள் குறைகின்றன என்று நீங்கள் சொன்னது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

சொக் சாங் பக்கத்து உழவரான சூ நம் அவர்களுக்குத் தந்தையார் தனியாக எழுதச் சொன்னது: 2016லும் 2020லும் கோடையில் உப்புநீர் ஆற்றில் வெகுதூரம் ஏறிவந்து பயிரைக் கருக்கியதை நீங்கள் சொன்னபோது, உங்கள் மொழி எனக்குத் தெரியாவிட்டாலும் பேச்சு முழுவதும் எனக்குத் தெரிந்ததுதான். ஆற்றின் மேல்பகுதி நாடுகளின் அணைகளில் வண்டல் தங்கிவிடுவதையும், ஆற்றில் மணல் அள்ளுவதையும் நீங்கள் கையால் வரைந்து காட்டினீர்கள். மதகடியில் நீங்கள் ஒரு கை நீரள்ளி நாவில் வைத்துப் பார்த்ததைப் போலத்தான் நானும் என் வயலில் பார்ப்பேன். மழைக்காலத்தில் நெல்லும் கோடையில் இறாலும் என்று நீங்கள் மாற்றிக்கொண்ட முறையை எங்கள் ஊர்க்காரர்களிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, பா தே குன்றின் லின் சோன் கோயிலில் நடை சாத்தியபிறகும் எங்களுக்காகக் கதவைத் திறந்த முதியவருக்கு நன்றி. குன்றின் அடியில் உள்ள ஓக் இயோவில் 1944இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் லூயி மாலரே அகழாய்வு செய்து ஒரு பழைய துறைமுக நகரை வெளிக்கொணர்ந்தார் என்றும், ரோமானியப் பேரரசர் உருவம் பொறித்த பொற்பதக்கமும், அரிக்கமேட்டில் கிடைப்பவை போன்ற கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன என்றும் படித்திருந்தேன். ஆனால் நான்கு கைகளுடன் நின்ற திருமாலை, 'நாலு கைப் புத்தர்' என்று நீங்கள் ஊதுவத்தி ஏற்றி வணங்கியதைக் கண்டபோது, தந்தையார் பேச்சின்றிக் கைகூப்பி நின்றார். அவர் மூச்சு வாங்குவதைக் கவனித்துப் படியிறங்கும்வரை அவர் முழங்கையைப் பிடித்துவந்தீர்கள்.

இம்மடலை அந்த மாணவி வியட்நாமிய மொழியில் பெயர்த்து, வரும் தேத் (வியட்நாமியப் புத்தாண்டு) விடுமுறையில் ஆன் பின் தீவுக்குச் சென்று வீட்டாரிடம் படித்துக் காட்டுவதாக உறுதி தந்திருக்கிறார். கட்டம் போட்ட அந்தத் துண்டை நாங்கள் தவறுதலாக எங்களுடன் கொண்டுவந்துவிட்டோம். திருப்பி அனுப்பலாம் என்றேன், தந்தையார் விடவில்லை. வயலுக்குப் போகும்போது அதைத்தான் தலையில் கட்டிக்கொள்கிறார்.

என்றும் நன்றியுடன்,
பாக் து, சீ ஹை