நூலின் நிறம் தெரியவேண்டும்

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. போன வாரம் இரண்டாவது கண்ணும் முடிந்தது. கட்டைப் பிரித்த மறுநாள் காலையில், தோளில் கிடந்த சால்வையை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, “இது கறுப்பில்லையா? கருநீலமா?” என்று கேட்டார்கள். வருடக்கணக்காகப் போர்த்துகிற சால்வை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிடுமாம். நீலம்தான் முதலில் மங்குமாம்.

அந்த நேரத்தில்தான் உன் கடிதத்தைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். தங்கச்சி தையல் மெஷின்களை முன்னறைக்குக் கொண்டுவந்து கடையாகவே நடத்தப்போகிறாள் என்பதில் அத்தனை சந்தோஷம். கடைக்கும் மாடி ஹாலுக்கும் டிராக் லைட் (சீலிங்கில் ஓடும் மின் தண்டவாளத்தில் வேண்டிய இடத்தில் விளக்கு மாட்டித் திருப்பிக்கொள்வது) போடலாமா, எத்தனை வாட் வாங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடலாம். ஆனால் வாட்டில் ஆரம்பிக்காதே. அந்த அறையில் எதைப் பார்க்கப்போகிறோம் என்று முதலில் யோசி. தங்கச்சி நாளெல்லாம் பார்க்கப்போவது நிறத்தை.

துணிக்கு நூல் எடுக்கும்போது கடைக்குள் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தைத்து முடித்து வெயிலுக்குக் கொண்டுபோனால் தையல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். துணியில் ஏறிய சாயம் வேறு, நூலில் ஏறிய சாயம் வேறு. ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகப் படுவது இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். இதில் தையல்காரர் மேல் குற்றமே இல்லை, ஆனால் பேச்சு கேட்பது அவர்தான்.

அதனால் விளக்குப் பெட்டியில் முதலில் பார்க்கவேண்டியது சிஆர்ஐ என்கிற எண். நிறங்களை விளக்கு எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதன் அளவு அது. உச்சம் 100. சாதாரண எல்இடி 80-ஐ ஒட்டி இருக்கும். கடைக்கு 90-க்குக் குறைந்ததைத் தொடாதே. இன்னொன்றும் உண்டு. அந்த எண் வெளிறிய 8 நிறங்களை வைத்துப் போட்ட சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கில் வராது. அதற்கு ஆர்9 என்று தனி எண். சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும். அதன் கீழ் அரக்குச் சிவப்பெல்லாம் செத்த பழுப்பாகத் தெரியும். ஆர்9 50-க்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும்.

ஒளியின் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. கடை முழுக்க 4000 கெல்வின், மாடி ஹாலுக்கு 2700 அல்லது 3000. ஒரே அறையில் இரண்டையும் கலக்காதே. வெட்டும் மேஜையில் ஒரு நிறமும் கண்ணாடி முன்னால் இன்னொரு நிறமும் தெரிந்தால் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மெஷின் ஊசிக்கு மட்டும் டிராக்கில் உள்ள ஸ்பாட்டை, அதாவது ஒரே இடத்தில் ஒளியைக் குவிக்கும் விளக்கை, நம்பவேண்டாம். மேலேயிருந்து வரும் கூரான ஒளியில் தைக்கிறவரின் தலையும் கையும் துணி மேலேயே நிழலாக விழும். வேலை செய்யும் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; தையல் வேலைக்கு 750 லக்ஸ், எழுத்து வேலைக்கு 500 லக்ஸ் என்று ஐரோப்பியத் தரவிதி சொல்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஊசிப் பக்கம் ஒரு சின்ன விளக்கு, தலைக்கு மேல் பரவலான நீள விளக்கு, இரண்டும் இருக்கட்டும். நீள விளக்கும் டிராக்கிலேயே மாட்டுகிற மாதிரி கிடைக்கிறது. மலிவான எல்இடி கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். ஊசி ஓடும் வேகமும் அந்தத் துடிப்பும் பொருந்திவிட்டால் ஓடுகிற ஊசி மெதுவாகப் போவது போல, சில சமயம் நிற்பது போலக்கூடத் தோன்றும். அங்கே கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. விளக்கை எரியவிட்டு மொபைல் கேமராவில் பார். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு வேண்டாம்.

அப்படியானால் டிராக் எதற்கு என்பாய். சுவருக்கும், தொங்கும் துணிகளுக்கும், அளவு பார்க்கும் கண்ணாடிக்கும். இதை நான் என் வீட்டிலேயே தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். ஹாலின் நட்டநடுவில் டிராக்கை மாட்டி எல்லா ஸ்பாட்டையும் நேர் கீழே திருப்பி வைத்தேன். தரை பளிச்சென்று இருந்தது, உட்கார்ந்திருந்தவர்களின் கண்குழி இருட்டாக இருந்தது. சரி என்று சுவர்ப் பக்கம் திருப்பினேன். சுவர் தூரம் என்பதால் ஸ்பாட் படுத்தவாக்கில் திரும்பி, எதிரே உட்கார்ந்த அம்மாவின் கண்ணில் அடித்தது. அவர்கள் எதுவும் சொல்லாமல் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த அன்றே கழற்றினேன்.

இப்போது நான் போடும் கணக்கு இது. ஒளி, செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து சுவரில் விழவேண்டும். சீலிங் 2.7 மீட்டர், சுவரில் பார்க்கவேண்டிய இடம் 1.5 மீட்டர் உயரம் என்றால் வித்தியாசம் 1.2 மீட்டர். அதை 30 பாகைக்கான 0.58-ஆல் பெருக்கு, ஏறக்குறைய 70 செ.மீ. வரும். சுவரிலிருந்து அவ்வளவு தள்ளி டிராக் ஓடினால் போதும், ஒளி எதிரே இருப்பவர் கண்ணில் படாது.

ஸ்பாட்டின் ஒளி விரியும் கோணமும் பார். 2 மீட்டர் தூரத்தில் 24 பாகை ஸ்பாட் சுமார் 85 செ.மீ. வட்டம் போடும், 36 பாகை சுமார் 1.3 மீட்டர். உடை மாட்டி நிறுத்தும் பொம்மைக்கும் சுவர்ப் படத்துக்கும் முதலாவது, துணி அடுக்குக்கு இரண்டாவது. பொம்மைக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிக்காமல் இரண்டு பக்கமும் கொடு, மடிப்புகள் தெரியும். கண்ணாடி முன்னால் நிற்பவருக்கு ஒளி முகத்தில் விழவேண்டும், உச்சந்தலையில் அல்ல. உயரமும் முக்கியம்: ஸ்பாட்டை 2 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குத் தள்ளினால் அதே வாட்டில் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

டிராக்கில் பல வகை உண்டு, ஒன்றின் விளக்கு இன்னொன்றில் ஏறாது. அதனால் டிராக்கும் விளக்கும் ஒரே வகையாகப் பார்த்து வாங்கு. கடைக்கு மூன்று சர்க்யூட் டிராக், அதாவது ஒரே டிராக்கில் மூன்று தனித்தனி மின்பாதை உள்ளது, சொல்வேன். சுவர் ஒரு சுவிட்ச், பொம்மை ஒன்று, கண்ணாடி ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். ஹாலுக்கு ஒற்றை சர்க்யூட் போதும். காந்தத்தில் ஒட்டும் 48 வோல்ட் டிராக் ஒல்லியாக, அழகாக இருக்கும். ஆனால் அதற்கு வீட்டு மின்சாரத்தை 48 வோல்ட்டாக மாற்றித் தரும் டிரைவர் என்ற பெட்டி வேண்டும், அதை வைக்கக் காற்றோட்டமான, கை எட்டும் இடமும் வேண்டும். ஹாலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஆசைப்பட்டால் விளக்கின் மேல் ‘டிம்மபிள்’ என்று போட்டிருக்கிறதா பார். பழைய குண்டு பல்புக்கான டிம்மர் வேண்டாம். அதற்குக் குறைந்தபட்ச சுமை ஒன்று இருக்கும், நாலைந்து எல்இடி அதை எட்டாமல் மினுக்கும்.

மாட்டும் நாளில் அவசரப்படாதே. மின் இணைப்பை எலெக்ட்ரீஷியன்தான் கொடுக்கவேண்டும். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்: பிரேக்கரை இறக்கி, டெஸ்டரால் ஒருமுறை சோதித்த பிறகுதான் கை வைக்கவேண்டும். எர்த் வயரை விட்டுவிடக்கூடாது. ஜிப்சம் சீலிங்கில் வெறும் பலகையில் ஸ்க்ரூ போட்டால் நாளடைவில் தொங்கும், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் பிடிக்கவேண்டும். டிராக்கை அறுத்தால் பிசிறைத் தேய்த்துவிட்டு, உள்ளிருக்கும் செம்புக் கம்பி விளிம்பைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மூடி போடச் சொல். ஸ்பாட்டைத் திருப்பி வைப்பதை மட்டும் இருட்டிய பிறகு நீயும் தங்கச்சியும் சேர்ந்து செய்யுங்கள். பகலில் திருப்பினால் எது எங்கே விழுகிறது என்றே தெரியாது.

அறையின் நீள அகலம், சீலிங் உயரம், மெஷின்களும் கண்ணாடியும் வரும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. எத்தனை மீட்டர் டிராக், எத்தனை ஸ்பாட் என்று நான் குறித்துத் தருகிறேன். கடை திறக்கும்போது அம்மாவையும் அழைத்து வருகிறேன். சால்வையின் கரை பிரிந்திருக்கிறது; தங்கச்சி கையால் தைக்கவேண்டுமாம். நூலைத் தானே பார்த்து எடுப்பேன் என்கிறார்கள்.

உன் பழைய அறைத்தோழன்